எலியின் நோவும் ஏழையின் எண்ணெயும்

கெலிஓயாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலே கொழுந்தெடுக்கும் பெண்ணைக் கேட்டால், இடுப்பு வலி தொழிலோடு வந்தது என்பாள். சரிவும் மழையும் கூடைச் சுமையும் காரணமென்பதில் ஐயமில்லை. ஆயின், நோவை உணரும் நரம்பு எவ்வுணவால் வளர்கிறது என்ற வினாவும் உண்டு. அவ்வினாவின் வரலாற்றை ஆய்வுகூட எலிகளிடமே நாம் கற்க வேண்டியிருக்கிறது.

நமக்கு அண்மையான அத்தியாயம் நீலகிரிக் குன்னூரில், தேயிலை மலைகளின் நடுவிலேயே எழுதப்பட்டது. ராபர்ட் மக்காரிசன் 1920களில் இந்திய மக்கள் பலரின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டினார். முழுக்கோதுமை, பால், வெண்ணெய், காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் எலிகள் செழித்தன. அரிசியையே நம்பிய சென்னை மாகாணத்தார் உணவில் நலிந்தன. அவர் கணக்கிட்டவை எடையும் நோயும். நோவு அக்கணக்கில் இல்லை. தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணியும் உடலின் வலுவை மட்டுந்தானே பார்த்தான்!

கொழுப்பைத் தனியே பிரித்து ஆராய்ந்தோர் அமெரிக்க மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர். 1929இல், கொழுப்பில்லா உணவு தின்ற எலிகளின் தோல் செதிளாகி, வால் புண்ணாகக் கண்டனர். லினோலெயிக் அமிலம் சேர்த்ததும் அவை தேறின. அவ்வமிலத்திலிருந்து உடல் ஆக்கும் அரக்கிடோனிக் அமிலமே புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருளாக மாறுகிறதென்பது 1964இல் தெளிவாயிற்று. புரொஸ்டாகிளாண்டினோ நரம்பின் நோவுணர்ச்சியைக் கூர்மையாக்குவது. அதன் ஆக்கத்தைத் தடுத்தே அஸ்பிரின் வலி தணிக்கிறதென 1971இல் ஜோன் வேன் காட்டினார்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்தால், இல்லாமையால் எலியை வாட்டிய அதே கொழுப்பு மிகுதியால் என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும். விடை 2021இல் டெக்சாசிலிருந்து வந்தது. லினோலெயிக் அமிலம் மிகுந்த உணவுண்ட சுண்டெலிகள் சிறு தொடுகைக்கும் வெம்மைக்கும் பாதத்தை விரைந்து இழுத்துக்கொண்டன. அவ்வமிலத்தைக் குறைத்து, மீனெண்ணெயில் உள்ள ஒமேகா 3 வகையைக் கூட்டியபோது அந்நிலை தணிந்தது.

சோயா, சோள எண்ணெய்களில் லினோலெயிக் அமிலம் ஏறக்குறைய பாதி. நம் தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு இரண்டளவே. இதைக் கொண்டு தேங்காயெண்ணெயே மருந்தென்று முழங்குவது பேதைமை. நிறைகொழுப்பு மிகுந்த உணவும் சுண்டெலிகளின் நோவுணர்ச்சியைக் கூட்டியதாக வேறு சோதனைகள் காட்டுகின்றன. மேலும், எலி மனிதனன்று. லயத்து அடுப்பில் எவ்வெண்ணெய் கொதிக்கிறதென்பதை முடிவு செய்வது ஆராய்ச்சியுமன்று, கடையில் அன்று விற்கும் விலையே. கருவாடு வாங்குவதும் அவ்வாறே. அவ்வடுப்பையும் அவ்விடுப்பு வலியையும் ஒருங்கே அளப்பதற்குக் குன்னூர்வரை போகவேண்டியதில்லை. 1962இல் தோன்றிய பேராதனை மருத்துவ பீடம் கெலிஓயாவிலிருந்து சில கட்டைத் தொலைவில்தான் இருக்கிறது.