சிவப்புப் பொட்டும் ஐந்நூறு யூனிட்டும்

2019-இல் ஒரு தடவை எங்கள் போடி வீட்டு வெள்ளை அட்டையில் 503 யூனிட் என்று ஏறியிருந்தது. நான் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன், உடனே பென்சிலை எடுத்தேன். அன்றைய விகிதப்படி இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் என்றால் 1,130 ரூபாய். ஐந்நூறைத் தாண்டினாலோ, இலவசம் போக 101-ஆம் யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். 503-க்கு 1,800 வந்தது. மூன்றே யூனிட்டுக்கு 670 ரூபாய்! பென்ஷன்காரனுக்கு அது ஒரு மாதத்துப் பால் கணக்கில் பாதி.

அந்த மூன்று யூனிட்டைத் தேடிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். டிவிக்குக் கீழே கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன செட்டாப் பெட்டியைத் தொட்டால் சூடாக இருந்தது. டிவியை அணைத்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்தது. இந்த மாதிரிப் பழைய பெட்டி சும்மா இருக்கும்போதே பத்து வாட் இழுக்கும். நாளுக்கு இருபது மணி நேரம், அறுபது நாள் என்றால் பன்னிரண்டு யூனிட். திருடன் அகப்பட்டான்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். இந்த நிலைக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'வெய்'. தூங்காமல் விழித்திருப்பது என்று பொருள். பிணத்தருகே இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதற்கும் அதே வேர்தான்.

இந்த விழிப்பு எப்படி வந்தது? நம் வால்வு ரேடியோ காலத்தை நினைத்துப் பாருங்கள். திருகினால் வால்வு சூடேறி அரை நிமிடம் கழித்துத்தான் குரல் வரும். அமெரிக்காவில் அந்த அரை நிமிடத்தைப் பொறுக்க மாட்டாமல், அணைத்த பிறகும் வால்வை வெதுவெதுப்பாகவே வைத்திருக்கும் டிவிகளை விற்றார்கள். பிறகு ரிமோட் வந்தது. ரிமோட்டின் கட்டளையைக் கேட்க, பெட்டி எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டுமே! கலிபோர்னியாவில் ஆலன் மேயர் என்ற ஆய்வாளர் இந்தச் சில்லறைச் செலவை அளந்து எழுதினார். 1999-இல் சர்வதேச எரிசக்தி முகமை, எந்தச் சாதனமும் சும்மா இருக்கையில் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற இலக்கை முன்வைத்தது. ஐரோப்பாவில் 2010-இல் அது சட்டமாகி, 2013-இல் அரை வாட்டாக இறங்கியது.

நம் ஊருக்கு ரிமோட் பின்னால்தான் வந்தது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், உயரமான ஆன்டெனா கட்டி அதைப் பிடித்துப் பார்த்த வீடுகள் தென்மாவட்டங்களில் உண்டு. அந்த டிவிகளில் குமிழைத் திருகினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். அணைந்தது என்றால் அணைந்ததுதான். 2006-இல் அரசின் இலவசக் கலர் டிவி திட்டம் தொடங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போனது. ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் பெண்கள் வீட்டிலும் அன்றுதான் முதல் ரிமோட். அடுத்த சில ஆண்டுகளில் மின்வெட்டு வந்து, 2012-இல் நாளில் பாதி நேரம் கரண்டே இல்லை. அப்போது பெட்டிகளுக்கும் சேர்த்துத் தூக்கம்.

ஒரு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பிரான்சில் சுவர் ப்ளக்குக்குப் பெரும்பாலும் சுவிட்சே கிடையாது, பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். நம் சுவரில் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறது. ஆனால் ஐப்பசியில் மேட்டுப் பக்கம் இடி இறங்கும்போது அதை மட்டும் நம்பாதீர்கள். ப்ளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.

அந்த அட்டைக்குப் பிறகு இரவு பத்து மணிக்கு என் மனைவி சுவிட்சை அணைத்துவிடுவாள். ஃப்ரிட்ஜைத் தொட மாட்டாள். அடுத்த கணக்கில் 488 வந்தது. காலையில் பெட்டி கண் விழிக்க இரண்டு நிமிடம் ஆகிறது, அதற்குள் சுப்ரபாதம் பாதி போய்விடுகிறது என்று இன்றைக்கும் என்னிடம்தான் குறை சொல்கிறாள்.