உயிருக்கு விலை உண்டோ?

பயன் தராத உயிர் வாழத் தகுதியற்றது என்று ஓர் அரசே முடிவு கட்டினால், குடிமக்கள் செய்யத்தக்கது யாது? இவ்வினா ஜெர்மனியில் மெய்யாகவே எழுந்தது.

1939ஆம் ஆண்டில் ஹிட்லரின் அரசு மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் மறைவாகக் கொல்லத் தொடங்கிற்று. உழைக்க இயலாதோர் நாட்டுக்குச் சுமை என்பது அதன் கணக்கு. 1941 ஆகஸ்டுக்குள் நச்சுவாயு அறைகளில் 70,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், மூன்ஸ்டர் நகரின் கத்தோலிக்க ஆயர் கிளமென்ஸ் கலென், புனித லம்பேர்ட் ஆலயத்தில் இக்கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தார். உயிர் இறைவன் ஈந்தது. உழைப்பைக் கொண்டு அதற்கு விலை மதித்தல் ஆகாது என்பது கிறிஸ்தவக் கொள்கை. இக்கணக்கை ஒப்பினால், நாளை முதியோருக்கும் போரில் உறுப்பிழந்த வீரருக்கும் காவல் ஏது என்றும் அவர் வாதிட்டார்.

உரையின் படிகள் மறைவாக நாடெங்கும் பரவின. ஆயரைத் தொட அரசு தயங்கிற்று. ஆகஸ்டு 24ஆம் நாள் அத்திட்டத்தை நிறுத்துமாறு ஹிட்லர் பணித்தார். ஆயினும் மருந்தாலும் பட்டினியாலும் கொலைகள் 1945 வரை தொடர்ந்தன.

ஆகவே, ஒரு குரல் கொடுமையை அறவே ஒழித்துவிடவில்லை. மறைவில் நடந்ததை ஊரறியச் செய்தது. மனிதரைப் பயனால் அளக்கும் கணக்கு எங்குத் தோன்றினும், முதலில் எழ வேண்டுவது அத்தகைய குரலே அன்றோ?