யாழ்ப்பாணத் தமிழில் காலவரிசைச் சொற்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பேச்சுத் தமிழில் எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று காட்டும் சொற்களும் வினைவடிவங்களும் இங்கு தொகுத்துத் தரப்படுகின்றன. இவற்றுட் பல தமிழ்நாட்டு வழக்கிலிருந்து வேறுபட்டவை.

வரிசை காட்டும் சொற்கள்

‘முந்தி’ என்பது முற்காலத்தையும் (‘முந்தி உங்கை ஒரு கடை இருந்தது’), ஒன்றுக்கு முன் நடந்ததையும் (‘மழை வாறதுக்கு முந்தி’) குறிக்கும். ‘பிறகு’ என்பதோடு ‘பேந்து’ என்ற சொல்லும் பெருவழக்கு. இது ‘பெயர்ந்து’ என்பதன் திரிபாகக் கருதப்படுகிறது.

வினைவடிவங்கள்

நிகழ்ச்சிகளின் வரிசையைப் பெரும்பாலும் வினையே சுமக்கிறது. ‘சாப்பிட்டுப்போட்டு வாறன்’ என்றால் உண்டு முடித்த பின் வருகை. ‘வரேக்கை’ என்றால் வந்துகொண்டிருக்கும் வேளை. ‘வந்த உடனை’, ‘வந்தாப்பிறகு’ என்பவை இடைவெளியின் அளவை வேறுபடுத்துகின்றன.

நாள், கிழமை, மாதம்

நேற்றுக்கு முன்னைய நாள் ‘முந்தநாள்’; நாளைக்கு அடுத்தது ‘நாளையிண்டைக்கு’. ‘கிழமை’ வாரத்தையும் குறிப்பதால் ‘போன கிழமை’ என்பது சென்ற வாரமாகும். காலை ‘விடிய’, மாலை ‘பின்னேரம்’.

ஆங்கில மாதங்களுக்குத் தமிழ் மாதப் பெயர்களை வழங்குவது இவ்வழக்கின் தனித்தன்மை. சனவரி ‘தை’, ஒக்டோபர் ‘ஐப்பசி’, டிசம்பர் ‘மார்கழி’. எனவே ‘ஐப்பசி 30’ என்பது ஒக்டோபர் 30 ஆகும். பஞ்சாங்கப்படி கணக்கிடுபவர் அதை நவம்பர் நடுப்பகுதி எனத் தவறாகக் கொள்ள நேரும்.

நிகழ்வுகளால் காலம் குறித்தல்

ஆண்டைச் சொல்லாமல் ஊரறிந்த நிகழ்வைச் சொல்வதும் வழக்கம். 1964 மார்கழிப் புயல், 1987 முதல் 1990 வரையிலான ‘இந்தியன் ஆமி’ காலம், வலிகாம மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்த 1995 இடப்பெயர்வு, 2004 சுனாமி ஆகியவை இவ்வாறான எல்லைக்கற்கள். ‘இடப்பெயர்வுக்கு முந்திக் கட்டின வீடு’ என்றாலே கேட்பவருக்குக் காலம் விளங்கிவிடும்.

பதிவும் கற்பித்தலும்

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ‘நானாடகம்’ (1940) முதலான நாடகங்களில் இப்பேச்சு வழக்கை எழுத்தில் ஏற்றினார். சு. சுசீந்திரராஜா அதை மொழியியல் நோக்கில் ஆராய்ந்தார். எழுத்துத் தமிழை மட்டும் பாடமாகக் கற்கும் புலம்பெயர் பிள்ளைகளுக்கு இச்சொற்களையும் கற்பிப்பது இன்றியமையாதது. பேரன் பேத்திகளுக்கு அம்மம்மா சொல்லும் குடும்ப வரலாறு முன்பின் குழம்பாமல் விளங்குவது இவற்றால்தான்.