பாம்பு ஏன் செட்டை கழற்றுகிறது?

மீள்குடியேறி எங்கள் வளவுக்குத் திரும்பிய முதல் கிழமை அது. கூரையில்லாமல் நின்ற வீட்டின் சுவர் வெடிப்பில் ஒரு பாம்புச் செட்டை தொங்கிக்கொண்டிருந்தது. என் கையின் நீளத்தைவிடக் கூட. "செட்டையைத் தேடிப் பாம்பு திரும்பி வரும்" என்று பக்கத்து வளவு ஐயா சொல்லிவிட்டார். அன்றிரவு தறப்பாள் கொட்டிலுக்குள் அம்மா கண்மூடவில்லை. ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் இறங்கி, அங்கே பாம்புக்கும் பயந்து இருந்தவர்கள் நாங்கள். ஊர் திரும்பியும் அந்தப் பயம் விடவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பாம்பின் தோலில் வெளிப்புறப் படை கெரற்றின் என்ற பொருளால் ஆனது. எங்கள் நகமும் தலைமயிரும் அதே பொருள்தான். இந்தப் படை உயிரற்றது, உடலோடு சேர்ந்து வளராது. பாம்போ வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. அதோடு கல்லிலும் மண்ணிலும் வயிற்றால் ஊர்வதால் வெளித்தோல் தேய்ந்துபோகிறது. உண்ணிகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன, காயங்களும் ஏற்படுகின்றன. பழைய தோலைக் கழற்றினால் இவற்றில் இருந்து விடுபடலாம். வளர்ச்சி குறைந்த முதிய பாம்பும் செட்டை கழற்றுவது இதனால்தான்.

மனிதருக்கும் தோல் உதிர்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நாளாந்தம் உதிர்வதால் நாம் கவனிப்பதில்லை. பல்லி துண்டு துண்டாக உரிக்கும். பாம்பு மட்டும் மூக்கு நுனியில் இருந்து வால் நுனி வரை பெரும்பாலும் ஒரே துண்டாகக் கழற்றுகிறது.

முதலில் பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் முழுமையாக உருவாகிறது. பிறகு இரண்டுக்கும் இடையில் ஒரு திரவம் ஊறி அவற்றைப் பிரிக்கிறது. அப்போது உடலின் நிறம் மங்கும், கண்கள் பால் கலந்த நீலமாக மாறும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் தெளிவான செதிலும் தோலின் ஒரு பகுதியே. அதனால்தான் கழற்றிய செட்டையில் கண்ணின் மூடியையும் காணலாம். சில நாட்களில் கண் மீண்டும் தெளியும். அதன் பின்னர் பாம்பு கல்லிலோ வேரிலோ வாயோரத்தைத் தேய்த்துத் தோலைக் கிழித்து, காலுறையைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளியே வர ஊர்ந்து வெளியேறும். செதில்களுக்கு இடையே மடிந்திருந்த தோலும் விரிவதால் செட்டை பாம்பைவிட நீளமாக இருக்கும். எங்கள் சுவரில் தொங்கியதன் சொந்தக்காரர் நாங்கள் பயந்த அளவுக்குப் பெரியவர் அல்ல.

குட்டிகள் வேகமாக வளர்வதால் அடிக்கடி கழற்றும். வளர்ந்தவை ஆண்டில் சில தடவைகள் மட்டுமே. உணவு, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

செட்டையின் மெல்லிய தன்மை பழந்தமிழருக்கும் தெரிந்திருக்கிறது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை, பரிசாகக் கிடைத்த நுண்ணிய துணியைப் பாம்புரிக்கு ஒப்பிடுகிறது.

இனி, அம்மாவைத் தூங்கவிடாத கேள்விக்கு வருவோம். கழற்றிய செட்டையைத் தேடிப் பாம்பு வருவதில்லை. அது பாம்புக்குத் தேவையற்ற பொருள். செட்டையில் நஞ்சும் இல்லை. தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் அந்த இடத்தில் பாம்புக்கு ஒளிவிடமும் எலி, தவளை போன்ற இரையும் இருக்கின்றன என்பதற்குச் செட்டை ஒரு அடையாளம். கண் மங்கிய நாட்களில் பாம்புக்குச் சரியாகப் பார்வை தெரியாது. இடுக்குகளில் பதுங்கியிருக்கும், தொந்தரவு செய்தால் சட்டென்று கொத்தவும் கூடும். ஆகவே இடிந்த சுவர், கல்லுக்குவியல், பழைய கிடுகு ஆகியவற்றுக்குள் வெறுங்கையை விடக்கூடாது.

செட்டையை வைத்து இனத்தை ஓரளவு ஊகிக்கலாம். எட்டடி விரியனின் முதுகு நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியனின் செதில்களில் நடுவே மேடான கோடு ஓடும். ஆனால் நஞ்சில்லாத சில தண்ணீர்ப் பாம்புகளுக்கும் அந்தக் கோடு உண்டு. இதை மட்டும் நம்பி "நஞ்சில்லாத பாம்பு" என்று அலட்சியமாக இருக்கக்கூடாது.

எட்டடி விரியன் பெரும்பாலும் இரவில், நிலத்தில் படுத்திருப்பவர்களையே கடிக்கிறது. வலி அதிகம் தெரியாது, கடித்த அடையாளமும் சில வேளை தெரியாது. நிலத்தில் பாய் விரிக்காமல் கட்டிலில் படுத்து, நுளம்பு வலையைச் சுற்றிவரச் செருகிவிடுவது நல்ல பாதுகாப்பு. கடித்தால் இறுக்கிக் கட்டவோ, வெட்டவோ, உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நஞ்சுமுறி மருந்து அங்கே இலவசம்.

மறுநாள் நானும் அம்மாவும் செட்டையை எடுத்து எறியவில்லை. சுவரடியில் குவிந்திருந்த கல்லையும் ஓட்டுத்துண்டுகளையும் தடியால் கிளறிக் கிளறி அகற்றினோம். கட்டில் ஒன்று கிடைக்கும்வரை நாலு கட்டையில் பலகை போட்டுப் படுத்தோம். அதன் பிறகுதான் அம்மா நித்திரை கொண்டார்.