வெளியில் வைக்கும் வெண்ணெய்: பெங்களூரு

பெங்களூரில் வெண்ணெயைக் குளிர்பதனப்பெட்டிக்கு வெளியே, தொட்டால் குழையும் பதத்தில் கெடாமல் வைத்திருப்பது வீடுகளிலும் உணவகங்களிலும் நெடுங்காலமாக உள்ள வழக்கம். நகரின் மிதமான தட்பவெப்பம் வெண்ணெயை மிருதுவாக வைக்கிறது. ஆனால் அது எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, வெண்ணெய்க்குள் தங்கியிருக்கும் சிறிதளவு நீரே. அந்த நீரில் உப்பு இருக்கிறதா, புளிப்பு இருக்கிறதா, மோர் மிச்சம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பாதுகாக்கும் முறையும் மாறுகிறது.

தட்பவெப்பம்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், சனவரி மாதங்களில் பகல் வெப்பம் 27 டிகிரி செல்சியசை ஒட்டியும், இரவு வெப்பம் 16 டிகிரியை ஒட்டியும் இருக்கும். ஏப்ரலில் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரிக்கு ஏறும். 2016 ஏப்ரலில் அது 39.2 டிகிரியைத் தொட்டது. எனவே ஆண்டின் பெரும்பகுதியில் சமையலறை மேடையில் வைத்த வெண்ணெய் உருகுவதில்லை. மார்ச் முதல் மே வரையிலான கோடையே தனிக் கவனம் கேட்கும் காலம்.

அமைப்பும் பதமும்

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மேசை வெண்ணெயில் பால்கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நீர் 16 சதவீதத்தையும் உப்பு 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. நீர் மிக நுண்ணிய துளிகளாகக் கொழுப்புக்குள் சிதறி நிற்கிறது.

பால்கொழுப்பு ஒரே வெப்பநிலையில் உருகுவதில்லை. 5 டிகிரியில் அதில் ஏறத்தாழ பாதி திடமாக இருப்பதால் கத்தி இறங்காது. 20 டிகிரியை நெருங்கும்போது ஐந்தில் ஒரு பங்கு அளவே திடமாக நிற்கும். ரொட்டியில் தடவ ஏற்ற பதம் அதுதான். 32 முதல் 35 டிகிரிக்குள் வெண்ணெய் உருக்குலைந்துவிடும். எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருக்கும். பசு வெண்ணெய் மஞ்சள் சாயலோடு விரைவில் இளகும்.

கெடும் விதங்கள்

வெண்ணெய் மூன்று வழிகளில் கெடுகிறது. முதலாவது, நீர்த்துளிகளில் நுண்ணுயிர்களும் பூஞ்சையும் பெருகுதல். கடைந்த மோர் மிச்சமிருந்தால், அதிலுள்ள பால் சர்க்கரையும் புரதமும் அவற்றுக்கு உணவாகும். இரண்டாவது, நொதிகள் கொழுப்பை உடைத்து பியூட்ரிக் அமிலத்தை விடுவித்தல்; சிக்கு வாடைக்கு முதன்மைக் காரணம் இதுவே. மூன்றாவது, காற்றும் வெளிச்சமும் பட்டுக் கொழுப்பு காறிப்போதல். செம்பும் இரும்பும் இதை விரைவுபடுத்துவதால், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வெண்ணெய்க்கு ஆகாது. பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர், கல்சட்டி ஆகியவை ஏற்றவை.

உப்பு முதல் வழியை அடைக்கிறது. 100 கிராம் வெண்ணெயில் 2.5 கிராம் உப்பும் 16 கிராம் நீரும் இருந்தால், உப்பு முழுவதும் அந்த நீரில் கரைந்து, கடல்நீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு உப்புக் கரிக்கும் கரைசலாகிறது. அதில் பெரும்பாலான நுண்ணுயிர்களால் பெருக முடியாது. கர்நாடகப் பால் கூட்டமைப்பு ‘நந்தினி’ என்ற பெயரில் உப்பிட்டது, உப்பிடாதது என இரு வகை வெண்ணெயையும் விற்கிறது. வெளியில் வைக்க உப்பிட்டதே தகும்.

மரபு முறைகள்

*கழுவுதல்.* தயிரைக் கடைந்து திரண்ட வெண்ணெயைக் குளிர்ந்த நீரில், நீர் தெளிந்து வரும்வரை திரும்பத் திரும்ப அலசுவது எல்லா முறைகளுக்கும் அடிப்படை. வீட்டு வெண்ணெயில் உப்பில்லை. ஆனால் தயிரின் புளிப்பு ஓரளவு காவலாக நிற்கிறது.

*நீரில் இடுதல்.* உருண்டையாக்கிய வெண்ணெயைப் பாத்திரத்து நீரில் மிதக்கவிட்டு, காலையும் மாலையும் நீரை மாற்றுவது தமிழ், கன்னட வீடுகளுக்குப் பொதுவான வழக்கம். நீர் காற்றைத் தடுத்து வெப்பத்தையும் தணிக்கிறது. வெண்ணெய் மிதப்பதால் மேற்பகுதி வெளியே தெரியும். அதை அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீரே நல்லது. அசுத்த நீர் கிருமிகளைத் தானே கொண்டுவந்து சேர்க்கும்.

*உறியும் மண்பாண்டமும்.* உறியில் தொங்கவிட்ட சட்டியை எறும்பும் பூனையும் எட்டமுடியாது. சுற்றிலும் காற்றோட்டமும் கிடைக்கும். நீர் ஊற்றிய மண்சட்டிக்குள் வெண்ணெய்க் கிண்ணத்தை வைத்து ஈரத்துணி சுற்றினால், துணி உலர உலரச் சட்டி குளிர்கிறது. பெங்களூரின் கோடைப் பிற்பகல் வறண்டது என்பது இங்கே பெரிய உதவி. காற்று 33 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், காற்றோட்டத்தில் ஈரத்துணி 21 டிகிரியை ஒட்டிக் குளிரக்கூடும். மழைக்காலத்தில் ஈரப்பதம் மிகுவதால் இந்தப் பலன் குறைகிறது. அப்போது தேவையும் குறைவு.

நீரடைப்புக் கிண்ணம்

பிரான்சில் வழங்கும் பீங்கான் கிண்ணம், வெண்ணெயை நீரில் இடும் முறையின் தத்துவத்திலேயே இயங்குகிறது. சிறு கோப்பையில் வெண்ணெயை அழுத்தி நிரப்பி, சிறிது நீருள்ள கிண்ணத்துக்குள் கவிழ்த்து வைப்பார்கள். நீர் காற்றை அடைக்கும். நீரை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெங்களூரில் குளிர்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் இது பொருந்தும். ஏப்ரல் வெயிலில் வெண்ணெய் இளகி நீருக்குள் நழுவிவிடும்.

உணவகமும் கோயிலும்

தாவணகெரேயின் பெயரால் அறியப்படும் பெண்ணெ தோசை பெங்களூரின் அன்றாட உணவாகிவிட்டது. மல்லேஸ்வரத்தின் சிடிஆர் உணவகம் பெண்ணெ மசாலா தோசைக்குப் பெயர்பெற்றது. வெள்ளை வெண்ணெய் தோசைமேல் உடனே உருகிப் பரவ வேண்டுமானால் அது இளகிய பதத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வியாபாரம் நடக்கும் இடத்தில் வெண்ணெய் வேகமாகத் தீர்வதால், அது கெட்டுப்போக அவகாசமே இருப்பதில்லை.

பசவனகுடி தொட்ட கணபதி கோயிலில், சுமார் 18 அடி உயரமுள்ள ஒற்றைக்கல் திருமேனிக்கு நூறு கிலோவுக்கும் மேல் வெண்ணெய் சாற்றும் அலங்காரம் பெயர்பெற்றது. நிழலான கருவறையில் குளிர்ந்து நிற்கும் பெரும்பாறைமேல் வெண்ணெய் தன் உருகுநிலைக்குக் கீழேயே இருப்பது இயல்பு.

பால்வளக் கல்வி

வெண்ணெயைக் கழுவவும் பிசையவும் உப்பிடவும் அறிவியல் முறையில் கற்பித்த இந்திய நகரங்களில் பெங்களூரு முன்னோடி. கால்நடை வளர்ப்புக்கும் பால்வளத்துக்குமான இம்பீரியல் நிறுவனம் இங்கே 1923-இல் தொடங்கியது. 1927-இல் காந்தி அங்கு சென்று மாடு வளர்ப்பைக் கற்றார். பின்னாளில் வர்கீஸ் குரியனும் அங்கே பயிற்சி பெற்றார். 1955-இல் தலைமையிடம் கர்னாலுக்கு மாறியபின், அது தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாகத் தொடர்கிறது.

காலவரம்பு

உப்பிட்ட மேசை வெண்ணெயை ஓரிரு நாளில் தீரும் அளவுக்கு மட்டும் வெட்டி, மூடிய பாத்திரத்தில் அடுப்பும் சன்னல் வெயிலும் படாத இடத்தில் வைக்கலாம். மீதி குளிர்பதனப்பெட்டியில் இருக்கட்டும். உலர்ந்த சுத்தமான கத்தியையே பயன்படுத்த வேண்டும். ரொட்டித்தூளும் சட்னியும் கலந்தால் உப்பின் காவல் பயன்படாது. பழைய வெண்ணெயின்மேல் புதியதைச் சேர்க்கக் கூடாது. உப்பிடாத வெண்ணெயை அன்றன்றே பயன்படுத்துவது நல்லது. அறை 30 டிகிரியைத் தாண்டினால் எந்த வெண்ணெயும் உள்ளே போக வேண்டும். பூஞ்சையோ சிக்கு வாடையோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். உருக்கினாலும் அந்த வாடை போகாது.

நாட்கணக்கில் வைக்க வேண்டிய வீட்டு வெண்ணெயைப் புதிதாக இருக்கும்போதே, முருங்கை இலையோ வெற்றிலையோ போட்டு நெய்யாக உருக்கிவிடுவது முன்னோர் கண்ட தீர்வு. உருக்கும்போது நீர் ஏறத்தாழ முழுவதும் ஆவியாகிறது. கிருமி வளர இடமில்லாததால், மூடிய பாத்திரத்தில் நெய் மாதக்கணக்கில் வெளியிலேயே கெடாமல் நிற்கும்.