மஞ்சள் நீரும் சின்னத்திரையும்

மகப்பேறு வாய்க்காத கணவனும் மனைவியும் பிறர் பிள்ளையொன்றைத் தம் பிள்ளையாக்கிக்கொள்ள விரும்பினால், யாழ்ப்பாணத்துப் பழைய வழமையின்படி அவர்கள் முதலிற் செய்யவேண்டியது பிள்ளையைத் தேடுவதன்று, சுற்றத்தாரைத் தேடுவதாகும். தமையன், தம்பி, தமக்கை, தங்கை எனத் தமக்குப்பின் தம் சொத்துக்கு உரித்துடையோர் யாவரோ, அவர்களிடஞ் சென்று சம்மதங் கேட்டல் வேண்டும். சம்மதித்தோர், பாத்திரமொன்றிற் கரைத்து வைக்கப்பட்ட மஞ்சள் நீரில் விரலைத் தோய்ப்பர். நாவிதரும் சலவையாளரும் சாட்சியாக நிற்க, அந்த நீரைத் தத்தெடுப்போர் பருகுவர். பருகி முடிந்ததும் பிள்ளை அவர்களுடையதாயிற்று. ஓமமும் மந்திரமும் இச்சடங்குக்கு வேண்டப்படவில்லை.

இச்செய்தியை நமக்கு எழுதிவைத்தவர் தமிழரல்லர், ஓர் ஒல்லாந்தர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியிலே, தேசாதிபதி கொர்னேலிஸ் ஜொவான் சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்பவர் இந்நாட்டு மக்களின் வழமைகளைத் தொகுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மக்களுடன் பழகிப் பெற்ற அறிவே அவருக்கு மூலநூலாயிற்று. தொகுத்தது தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் சரியெனக் கண்டபின், 1707ஆம் ஆண்டில் அது தேசவழமை என்னும் பெயரால் நிலைபெற்றது. ஆங்கிலேயர் வந்தபின்னும் அதனைக் கைவிடாது, 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலுவளித்தனர்.

தத்தெடுத்தலைப் பற்றிய அதன் விதிகளைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓருண்மை புலப்படும். அவை பிள்ளையின் நலத்தை எண்ணி எழுந்தனவல்ல. முதுசொத்தை எண்ணி எழுந்தவை. நான்கு உரித்தாளருள் மூவர் விரல் தோய்த்து ஒருவர் மறுத்தால், அம்மறுத்தவரின் உரிமை மறுத்தவரிடமே நிற்கும். மற்றையோர் விட்டுக்கொடுத்த பங்கு மட்டுமே தத்துப்பிள்ளைக்குச் சேரும். ஒரு குடும்பத்துப் பையனையும் வேறொரு குடும்பத்துப் பெண்ணையும் ஒரே தம்பதியர் தத்தெடுத்தால், இரத்த உறவின்மையால் அவ்விருவரும் தம்முள் மணஞ்செய்தற்கும் இடமுண்டு. இந்த ஒரு விதியை மட்டும் இன்றைய தொடர்கதை எழுத்தாளர் ஒருவர் கையிற் கொடுத்தால், அவர் இருநூறு நாள்களுக்குக் குறையாமற் கதை நடத்திவிடுவார்.

இந்தியாவில் வழங்கிய பழைய இந்துச் சட்டம் இதனின் வேறானது. அங்கே தத்து என்பது பெரும்பாலும் ஆண் பிள்ளையைப் பற்றியது. ஈமக்கடன் செய்ய மகன் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பெண் பிள்ளையையும் தத்தெடுக்கலாம் என இந்தியாவிற் பொதுவாகச் சட்டம் வகுக்கப்பட்டது 1956ஆம் ஆண்டிலேதான். சீதனம் பெண்வழியாக இறங்கும் யாழ்ப்பாணத்திலோ, தத்துப்பிள்ளை பெண்ணாயிருத்தல் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னமே வழமை நூலில் இயல்பாகப் பேசப்பட்ட ஒன்று.

சடங்கிலும் சட்டத்திலும் இல்லாத ஒரு செல்வம் யாழ்ப்பாணத்தார் பேச்சிலே உண்டு. உடன்பிறந்தானின் மகனை ஓர் ஆடவன் பெறாமகன் என்பான். தமக்கை தங்கையரின் மகளை ஒரு பெண் பெறாமகள் என்பாள். பெறவில்லை, ஆயினும் மகன் என்னும் இந்தச் சொல்லுக்குள்ளே வளர்ப்புறவின் முழுப் பொருளும் அடங்கிக் கிடக்கிறது. தாயிழந்த பிள்ளை பெரியம்மா வீட்டிலும் அம்மம்மா வீட்டிலும் வளர்வதற்கு எந்தக் காலத்திலும் எவரும் மஞ்சள் கரைத்ததில்லை. மஞ்சள் நீர் வேண்டப்பட்டது காணிக்கும் தோட்டத்துக்கும் மட்டுமே.

மேற்கூறிய சடங்கில் நாம் மறக்கக் கூடாத கூறு ஒன்றுண்டு. அஃது அதன் வெளிப்படைத் தன்மை. ஊர் அறிய, உறவு அறிய, நாவிதரும் சலவையாளரும் அறிய அது நடந்தது. தான் தத்துப்பிள்ளை என்பதை அறியாமல் ஒரு பிள்ளை இருபது வயதுவரை வளர்தல் அத்தகைய ஊரிலே எளிதன்று. இதை நினைவிற் கொண்டு சின்னத்திரையை நோக்குவோமாக.

திரைக்கு முன்னே கூத்து இருந்தது. ஈழத்துக் கூத்து மரபிலே கர்ணன் போர் தனியிடம் பெற்றது. குந்தி ஆற்றில் விட்ட குழந்தையைத் தேரோட்டியாகிய அதிரதனும் அவன் மனைவி இராதையும் எடுத்து வளர்த்தனர். தன்னைப் பெற்றவள் அரசி என அறிந்த பின்னும் கர்ணன் இராதையின் மகன் என்ற பெயரை உதறவில்லை. வளர்ப்புப் பிள்ளையின் கதைக்கு இந்திய மண்ணில் இதைவிடப் பழைய அச்சு வேறில்லை. இரகசியப் பிறப்பு, கைவிட்ட தாய், பின்னாளில் அவள் வந்து கேட்கும் வரம் ஆகிய மூன்றும் இக்கதையிலிருந்தே தொலைக்காட்சிக்கு இறங்கின. இறங்கும்போது இராதை மட்டும் எப்படியோ பின்தங்கிப் போனாள்.

1980களில் யாழ்ப்பாணத்து வீடுகளிலே, கூரைக்கு மேலும் பனைக்கு நிகராகவும் உயர்ந்த கம்பங்களில் அன்ரெனாக்கள் எழுந்தன. கடலுக்கப்பாலிருந்து வந்த தூர்தர்சன் ஒளிபரப்பைப் பிடிப்பதற்காகவே அவை. காற்றடித்தாற் படம் கலையும். ஒருவர் கூரையில் ஏறிக் கம்பத்தைத் திருப்ப, மற்றவர் முற்றத்தில் நின்று சரி, சரியில்லை என்று குரல் கொடுப்பர். பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 ஒக்டோபரில் தொடங்கி 1990 யூன் வரை 94 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. பங்கஜ் தீர் என்னும் நடிகர் அதிற் கர்ணனாக வந்தார்.

தொலைக்காட்சி நாடகம் பார்ப்போரின் கருத்துக்குத் தலைவணங்கத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். இந்தியாவின் முதற் பெருந்தொடராகிய ஹம் லோக் 1984 யூலையிலிருந்து பதினேழு மாதங்கள் ஓடியது. மனோகர் சியாம் ஜோஷி எழுதிய அத்தொடரின் ஒவ்வொரு பகுதி முடிவிலும் முதுபெரும் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பார்ப்போருடன் பேசுவார். நான்கு இலட்சம் அளவிற் கடிதங்கள் வந்து குவிந்தன. பின்னர் ஆய்வாளர் அக்கடிதங்களைப் புரட்டியபோது வியப்பான ஒன்றைக் கண்டனர். அடங்கி ஒடுங்கித் துன்புறும் பகவந்தி என்னும் தாயை, இப்படி வாழக் கூடாது என்று காட்டுவதற்காகவே தொடர் படைத்தது. பார்த்தவர்களிற் பலரோ அவளையே பின்பற்றத்தக்க உத்தமியாகக் கொண்டுவிட்டனர். எழுதுவோர் விரும்பியதைப் பார்ப்போர் காண்பர் என்பதற்கு உறுதியில்லை.

அடுத்து நிகழ்ந்தது அதனினும் பெரிது. இராமானந்த சாகரின் இராமாயணம் 1988 யூலையில் முடிசூட்டு விழாவோடு முடிவுற்றபோது, வால்மீகியைத் தம் முன்னோராகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர் வட இந்திய நகரங்களில் வேலைநிறுத்தஞ் செய்தனர். வால்மீகியின் ஆச்சிரமத்திலே சீதையும் இலவ குசரும் வாழ்ந்த கதையைக் காட்டவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அதன்பின் உத்தர இராமாயணம் படமாக்கப்பட்டு ஒளிபரப்பாயிற்று. அரண்மனைக்கு வெளியே, தந்தையல்லாத ஒருவரின் கையில் வளர்ந்த பிள்ளைகளின் கதை திரையேறியது தெருக் கூட்டுவோரின் பிடிவாதத்தால் என்பது நினைக்கத்தக்கது.

பின்பு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பிள்ளைகள் பலர் ஜாம்போத்தல் விளக்கின் கீழ்ப் படித்தனர். 1993 ஏப்பிரலில் சன் தொலைக்காட்சி சென்னையிற் பிறந்தபோது குடாநாடு இருளில் இருந்தது. செய்மதித் தட்டுகளும் கம்பி இணைப்புகளும் இங்கு பரவியது பின்னரே. பரவிய பின் மாலைப் பொழுது சென்னைத் தொடர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதாயிற்று.

அத்தொடர்களில் வளர்ப்புப் பிள்ளையைக் கையாண்ட முறைக்கு, விஜய் தொலைக்காட்சியில் 2019 முதல் 2023 வரை ஓடிய பாரதி கண்ணம்மா நல்ல சான்று. மனைவியின் கற்பை ஐயுற்ற மருத்துவன் பாரதி. கருவுற்ற நிலையில் வீட்டை விட்டு வெளியேறிய கண்ணம்மா. அவள் இரட்டைப் பெண்களை ஈன்றாள். அவற்றுள் ஒன்றை மாமியார் எவரும் அறியாமல் எடுத்துச் சென்று மகன் கையிற் கொடுத்தாள். பாரதி தன் சொந்த மகளைத் தத்துப்பிள்ளை என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் அன்பு காட்டி வளர்த்தான். கதையின் கரு நுட்பமானது. இரத்தம் என்று அறியாமலே ஒருவன் நல்ல தந்தையாக இருக்க முடியுமாயின், இரத்தத்துக்கு இங்கே என்ன வேலை? தொடர் இவ்வினாவை எழுப்பியது; விடையிறுக்க மட்டும் அஞ்சியது. அச்சிறுமியின் தந்தை யார் என்னும் மருத்துவச் சோதனையை நோக்கியே கதை நகர்ந்தது. அச்சோதனையும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

பார்ப்போர் பொறுத்தார்களா? இல்லை. கைப்பையுடன் தெருத்தெருவாக நடந்துகொண்டேயிருந்த கண்ணம்மாவை 2020இல் ஊரே கேலிப்படமாக்கிச் சிரித்தது. ஒரு சோதனையில் முடியவேண்டிய கதையை நான்காண்டு இழுக்கிறார்களே என்று சலித்துக்கொண்டவர்களே மறுநாள் மாலையும் அதே நேரத்திற் பெட்டியின் முன் அமர்ந்தனர். வாரந்தோறும் வெளியாகும் பார்வையாளர் கணக்கு எண்ணுவது அமர்ந்தவர்களை. சலிப்பை எண்ணுவதற்கு அதில் இடமில்லை. ஹம் லோக் காலத்தில் நான்கு இலட்சம் கடிதங்களுள் ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது. எண்ணிக்கையிற் காரணமில்லை. கேலி செய்தவனும் கண்ணீர் வடித்தவளும் அங்கே ஒரே புள்ளி.

2020இல் ஸ்டார் பிளஸ் தொடங்கிய அனுபமா என்னும் இந்தித் தொடர், இதனிற் சிறிது தெளிவாக நடந்தது. நடுவயதில் மறுமணஞ் செய்த இருவர் ஆதரவற்ற சிறுமியொருத்தியை மறைவின்றித் தத்தெடுக்கின்றனர். ஆயினும் சில மாதங்கள் செல்லுமுன்னே ஈன்ற தாய் வந்து உரிமை கோரினாள். குந்தி வராமற் கதை நடக்காது என்பது சின்னத்திரையின் எழுதாச் சட்டம் போலும்.

இவற்றோடு ஒப்பிட்டால், 2002இல் வந்த கன்னத்தில் முத்தமிட்டால் என்னும் மணிரத்னத்தின் திரைப்படம் யாழ்ப்பாணத்தார் நெஞ்சில் தனித்து நிற்பதன் காரணம் புரியும். ஈழத்திலிருந்து அகதியாய் வந்த தாயொருத்தி ஈன்று விட்டுச் சென்ற பெண் குழந்தையைத் தமிழகத்துத் தம்பதியர் வளர்க்கின்றனர். ஒன்பதாவது பிறந்தநாளிலே அவர்களே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகின்றனர். இரகசியம் கதையின் முடிவன்று, தொடக்கம். அதன்பின் எழும் கேள்விகள் யாவும் அச்சிறுமியின் வாயிலிருந்தே வருகின்றன. தாயைக் கண்டபின்னும் அவள் வளர்த்தோரிடமே திரும்புகிறாள். இராதை இங்கே பின்தங்கவில்லை.

இரகசியத்தின் விலை கதையோடு நிற்பதன்று. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பலரின் பிறப்புப் பத்திரங்கள் பொய்யானவை என்பதை, 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் செம்பிளா நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. வளர்ந்து ஆளானவர்கள் தம் தாயரைத் தேடி இத்தீவுக்கு வந்து, வேறொருத்தியின் பெயரையே தாம் சுமந்திருந்ததை அறிந்தனர். 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. யாழ்ப்பாணத்து மஞ்சள் நீரைப் பத்திரமாக எழுதிவைத்த அதே நாட்டார் இவர்கள்.

இலங்கையில் இன்று மஞ்சள் நீரின் இடத்தை 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம் பிடித்துள்ளது. தத்தெடுப்பவர் இருபத்தைந்து வயதுக்குக் குறையாதவராகவும், பொதுவாகப் பிள்ளையினும் இருபத்தொரு வயது மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். கட்டளையிடுவது நீதிமன்றம். தமையனும் தமக்கையும் விரல் தோய்க்கவேண்டியதில்லை. ஈசாக்ஸ் தொகுத்த நூலில் எங்கும் காணாத ஒருவரின் சம்மதத்தை இச்சட்டம் கேட்கிறது. பிள்ளை பத்து வயதைக் கடந்திருந்தால், நீதிபதி அந்தப் பிள்ளையையே கேட்கவேண்டும்.