சந்திரமா, சமுத்திரமா? பேரிகைப் பகுதி ஊர் வரலாற்றில் நினைவின் இடம்

பேரிகையை உள்ளடக்கிய, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரிப் பகுதியில் ‘சந்திரம்’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் உண்டு. பி. எஸ். திம்மசந்திரம் அவற்றுள் ஒன்று. தமிழ் எழுத்தில் மட்டும் படிப்பவருக்கு அங்கே நிலா தெரியும். கன்னடமும் தெலுங்கும் பேசும் முதியவர் சொன்னால் அது ‘ஸந்த்ரம்’. கர்நாடக எல்லைக்கு அப்பால் பொம்மஸந்த்ர, சிங்கஸந்த்ர என்று வழங்கும் அதே ஈறுதான். சமுத்திரம், அதாவது பெரிய ஏரி, என்பதன் தேய்வு. இதே சூளகிரி ஒன்றியத்துப் புக்கசாகரம் வேறு சொல்லால் அதையே சொல்கிறது. ஆவணத்தில் ஏறியபோது ஏரி நிலவாகிவிட்டது. பேச்சில் மட்டும் ஏரி ஏரியாகவே நின்றது.

எல்லைப்புறத்து ஊரின் வரலாற்றை எழுதுபவர் முதியோர் நினைவை ஆவணத்துக்குப் பூசும் மெருகாகவே கருதுகின்றனர். நினைவும் ஒரு சான்று, அதற்கும் சோதனை முறை உண்டு என்பதும், அதனிடம் வம்சத்தைக் கேட்பதற்கு முன் நிலத்தையும் நீரையும் உழைப்பையும் கேட்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஏட்டுச் சான்றின் நிலையை முதலில் பார்ப்போம். 1792இல் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும் அதன் அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து குவித்த குறிப்புகள் புகழ்பெற்றவை. பேரிகை அடங்கிய ஓசூர் மேட்டுநிலம் அப்போது திப்பு சுல்தானிடம் இருந்தது; 1799இல்தான் கைமாறியது. ஆகவே அந்த முதல் அளவையின் வெளிச்சம் பேரிகைமேல் விழவில்லை. பிறகும் பேரிகை பாளையப்பட்டாகவே இருந்தது. 1918இல் வெளிவந்த ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் போன்ற நூல்களில் பாளையப்பட்டு என்றால் பாளையக்காரர் குடும்பம், வாரிசு வழக்கு, பேஷ்கஷ் என்ற கப்பம்; உழுதவன் வரவே மாட்டான். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் முறை முடிந்தது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது, 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இடம் பெயராத ஒரு குடும்பத்தின் காகிதங்களைத் தேடி மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்கு அலைய வேண்டும். ஊர்க் கணக்கரான கர்ணத்தின் பரம்பரைப் பதவியும் 1980இல் ஒழிந்தது. அது நியாயமான ஒழிப்புதான்; ஆனால் எந்தத் துண்டு நிலத்துக்கு ஊரார் என்ன பெயர் சொல்வார்கள் என்று அறிந்திருந்த ஆளும் அதோடு போனார்.

நினைவை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானதே. கிராமத்து நினைவு கிறித்துவ ஆண்டு எண்ணில் ஓடுவதில்லை; வருஷப் பெயரில் ஓடுகிறது. ‘தாது வருஷம்’ என்றதும் 1876–77இன் பெரும்பஞ்சம் என்று குறித்துக்கொள்வது நம் வழக்கம். சேலம் மாவட்டத்தை வாட்டிய பஞ்சம் அது. ஆனால் அறுபதாண்டுச் சுழற்சியில் 1936–37உம் தாது, 1996–97உம் தாது. பாட்டி சொன்ன பஞ்சமும் தன் கல்யாணமும் ஒரே பெயரில் வரும்போது ஒருவர் இரண்டையும் கலந்துவிடுவது இயல்பு. இங்கே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தெலுங்கு, கன்னட வீடுகளில் வருஷம் யுகாதியில் பிறக்கிறது, தமிழ் வீட்டில் சித்திரை முதல் நாளில். யுகாதி பெரும்பாலும் முந்திவிடும். இடைப்பட்ட நாட்களில் நிகழ்ந்த ஒரே சாவுக்கு அடுத்தடுத்த இரு வீடுகள் வெவ்வேறு வருஷம் சொல்லும். இரண்டும் சரி. இதை அறியாத ஆய்வாளர் ஒரு வீட்டைப் பொய்யாக்கிவிடுவார்.

காலத்தில் இப்படித் தடுமாறும் நினைவு இடத்தில் எளிதில் தடுமாறுவதில்லை. மடை எங்கே திறந்தது, ராகிக் களம் எந்த மேட்டில் இருந்தது என்பதை உடம்பும் சேர்ந்து நினைவில் வைத்திருக்கிறது. கால் நடந்த வரப்பு அது.

சமூக மானிடவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸின் கதையை இந்த இடத்தில் பலரும் எடுத்துச் சொல்வர். மைசூர்ப் பக்கத்து ‘ராம்புரா’வில் 1948இல் களப்பணி செய்தவர் அவர். 1970 ஏப்ரலில் ஸ்டான்போர்டில் நேர்ந்த தீவைப்பில் அவர் தொகுத்துச் செப்பனிட்ட குறிப்புகள் எரிந்தன. அதன்பின் நினைவிலிருந்தே எழுதியது 1976இல் வந்த ‘தி ரிமம்பர்டு வில்லேஜ்’. நினைவே போதும் என்பதற்கு இதைச் சான்றாக்குவதை நான் ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் குறிப்பெழுதித் தீட்டப்பட்ட நினைவு அது. மூலக் களக்குறிப்புகளும் தில்லியில் எரியாமல் இருந்தன. நம் முதியவருக்கு அப்படி ஒரு மூலப்படி இல்லை. அதை உண்டாக்கித் தருவதே நம் வேலை.

எப்படி என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு முன்மாதிரி உண்டு. சஃபோக் மாவட்டத்து பிளாக்ஸால் கிராமத்தில் குதிரை ஏர் மறைந்துகொண்டிருந்த நேரத்தில் ஜார்ஜ் எவர்ட் எவன்ஸ் பண்ணையாட்களிடம் அவர்கள் செய்த வேலையைக் கேட்டு எழுதினார். நூல் 1956இல் வந்தது. பிரபுக்களின் வம்சாவளி அவருக்குத் தேவைப்படவில்லை.

நம் ஊர் வரலாறுகளோ தலபுராணத்தில் தொடங்கிப் பாளையக்காரரில் முடிகின்றன. பெயர்க் காரணம் சொல்லும் ஆசை வேறு. பேரிகை என்றால் தமிழ்க் காதுக்குப் போர்முரசு. கன்னடக் காதுக்கு அருகில் ‘பெரகெ’, அதாவது கலப்பு, நிற்கிறது. மும்மொழி ஊருக்கு இரண்டாவது அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே அதை ஐயுற வேண்டும். சந்திரம் என்ற ஈற்றுக்கு எல்லையின் இருபுறமும் வரிசையாக ஊர்கள் துணை நிற்கின்றன. பேரிகைக்கு ஓசை ஒப்புமை மட்டுமே.

இதற்கிடையில் நிலமே மாறிவருகிறது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்டு, பிறகு டைட்டன். பாகலூர், பேரிகைப் பக்கம் ராகி விளைந்த மேடுகளில் பசுமைக்குடில் ரோஜா நிற்கிறது. மனைப்பிரிவு வரும்போது நிலத்துக்கு எண் மட்டுமே மிஞ்சும். ஆகவே களத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதியவரைத் திண்ணையில் உட்காரவைத்து அரசர் கதை கேட்காதீர்கள். புலப்படத்தை எடுத்துக்கொண்டு அவரோடு வரப்பில் நடங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கு எதிரிலும் அவர் சொல்லும் பெயரை, அவர் எந்த மொழியில் சொல்கிறாரோ அந்த ஒலியிலேயே எழுதுங்கள். தமிழாக்கிவிடாதீர்கள்.